ஈசலுக்கு எள்ளென்று பேர்

போன வாரம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சர்க்கரை டப்பாவில் ரெண்டு எறும்பு செத்துக் கிடந்ததென்று, டப்பா நிறைய இருந்த சர்க்கரையைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள். சுற்றிப் பேரப்பிள்ளைகள் நின்றன. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதுகளுக்குப் பெருமை பேச ஆரம்பித்தாள். "நாம பரம்பரைச் சைவம். ஊரே அரிசிக்குத் தவிச்சப்பகூட எங்கப்பா உசிரை விட்டாகளே தவிர, சைவத்தை விடலை." எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவள் இன்றைக்கு உயிரோடு நின்று எறும்புக்கு மூக்கைச் சுளிக்கிறாள் என்றால் அது ஈசல் போட்ட பிச்சை. எனக்குத் தெரியாதா? விரலில் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்து ஊட்டினவள் நான். அவளுக்கு அப்போது ஆறு வயது. எனக்குப் பதினாலு. நான் பெரியவளாகி, வாசல்படி தாண்டக்கூடாது என்று வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த வருஷம் அது. முதல் ஜெர்மன் சண்டை முடியப்போகிற சமயம்.

டவுணில் தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அது ஒரு வளவு. நடுவில் நீளமாக முற்றம், ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி ஏழு வீடு, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, நுழைகிற இடத்தில் ஒரு பிள்ளையார் மாடம். ஏழு வீடும் சைவம். மற்றவர்களுக்கு வளவுக்காரர் வீடு கொடுக்க மாட்டார். அவர் சம்சாரத்தை அம்மா "மைனி" என்று கூப்பிடுவாள். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. யார் வீட்டுக் குப்பையில் என்ன கிடக்கிறதென்று குச்சியால் கிளறிப் பார்க்கிற பிறவி. முட்டை ஓடு ஒன்று அகப்படாதா, ஒரு குடும்பத்தை வெளியேற்ற மாட்டோமா என்று வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்பா வக்கீல் குமாஸ்தா. ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்ததே தாம் செய்த சாதனை என்பது போலப் பேசுவார். அம்மா ராதாபுரத்துப் பக்கம். அங்கே பனையும் உடைமரமும்தான். "தண்ணியில்லாக் காட்டிலேருந்து உன்னைக் கொண்டாந்து ஆத்துத் தண்ணியில குளிப்பாட்டுனேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அம்மாவை இடிக்காமல் அவருக்கு ஒருநாள் சோறு இறங்காது. அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

அந்த வருஷம் அரிசி காணாமல் போயிற்று. ரங்கூன் கப்பல் வரவில்லை என்றார்கள். மண்டிக்காரன் பதுக்கிவிட்டான் என்றார்கள். எது நிஜமோ, பானையில் அரிசி இல்லை. கூடவே விஷக்காய்ச்சல் வந்தது. தேர் போகிற வீதியில் நாளெல்லாம் பாடை போயிற்று. அப்பாவுடைய வக்கீல் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ஓடிவிட்டார். வேலை போனாலும் அப்பாவின் தோரணை போகவில்லை. காலையில் குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டி, கோர்ட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி வாசலில் போய் நிற்பார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் மிஷன் வேதக்காரர்கள் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று சேதி வந்தது. அம்மா ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"நான் முக்காடு போட்டுக்கிட்டுப் போயி ஒரு சொம்பு வாங்கியாரேன். சின்னவளுக்கு மட்டுமாவது."

"போ. தாராளமாப் போ. அதுக்கு முன்னால என்னைக் கொண்டுபோயிச் சுடுகாட்டில வச்சிட்டுப் போ."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு மட்டும் வேளை தவறாமல் எரிந்தது. மேலே வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஓட்டு வழியாகப் புகை வருகிறதா என்று மைனி பார்ப்பாளே, அதற்காக. கடுகு இருந்த வரைக்கும் சோறில்லாமலேயே தாளித்தோம். புளியங்கொட்டையை வறுத்து, தோலுரித்து, இடித்துக் கஞ்சி காய்ச்சினோம். அதைக் குடித்தால் வயிறு கல் மாதிரி ஆகும். தங்கைக்கு விஷக்காய்ச்சல் வந்து விட்டுப்போயிருந்தது. காய்ச்சல் போயிற்றே தவிர அவள் எழுந்திருக்கவில்லை. கால் ரெண்டும் விளக்குமாற்றுக் குச்சி. புளியங்கொட்டைக் கஞ்சியை உள்ளே ஊற்றினால் அடுத்த நிமிஷம் வெளியே வந்துவிடும். இவள் போய்விடுவாள் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐப்பசி மாதம் முதல் மழை விழுந்த சாயங்காலம் ஈசல் கிளம்பிற்று. எங்கள் ஊர் வழக்கம், மழை விட்டதும் வாசல் விளக்குக்குக் கீழே அகலமான சட்டியில் தண்ணீர் வைப்பது. விளக்கைத் தேடி வருகிற ஈசல் தண்ணீரில் விழும், வீட்டுக்குள் வராது. ஏழு வீட்டு வாசலிலும் ஏழு சட்டி. மறுநாள் விடிகிற நேரம் ஏதோ வறுக்கிற வாசனையில் எனக்கு முழிப்பு வந்தது. எத்தனை நாள் கழித்து அப்படி ஒரு வாசனை! வாயெல்லாம் தண்ணீர் ஊறிவிட்டது. அடுப்படியில் அம்மா உட்கார்ந்து வறையோட்டில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊற்றாமலே அது எண்ணெய் விட்டது.

"என்னதும்மா?"

"எள்ளு."

"எள்ளுக்கு ஏதும்மா ரெக்க?" பக்கத்தில் இருந்த சுளகு முழுக்கப் புடைத்துத் தள்ளின இறகு.

அம்மா கரண்டியை ஓங்கிவிட்டாள். "எள்ளுன்னு சொன்னா எள்ளுதான். வாயைத் தொறந்தே, நாக்க இழுத்துவச்சு அறுத்துருவேன் ஏட்டி." அப்புறம் அவளுக்கே பொறுக்காமல் பையச் சொன்னாள். ராதாபுரத்தில் சின்னப்பிள்ளையாய் இருக்கும்போது, பனையேறுகிறவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அரிசியும் ஈசலும் சேர்த்து வறுத்து மடியில் வைத்துத் தின்னும். இவளுக்கும் ஒரு பிடி கொடுத்தது. வீட்டில் தெரிந்து முதுகுத்தோலை உரித்துவிட்டார்கள். "அடி மறந்துபோச்சு. ருசி மறக்கலை" என்றாள்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பத்தும் பறந்தபிறகு ஈசல் பறந்து வந்தது. வறுத்ததை மிளகாயும் உப்பும் வைத்து இடித்துப் பொடியாக்கி ஒரு ஊறுகாய் ஜாடியில் அடைத்தாள். அன்று மத்தியானம் அப்பாவுக்கும் கஞ்சியோடு வைத்தாள். அவர் தொட்டு நக்கினார். மறுபடி நக்கினார்.

"எள்ளுப்பொடி வாசமா இருக்கே. ஏது?"

"எங்கண்ணன் ஊர்லேருந்து கொடுத்துவிட்டாரு."

"ம். தண்ணியில்லாக் காட்டில எள்ளு மட்டும் நல்லா வெளையும்" என்றார். இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

அம்மா தந்திரக்காரி. அதற்கப்புறம் மழை பெய்த மறுநாளெல்லாம் இருட்டு கலைவதற்கு முன்னே எழுந்து, வளவு முற்றம் பூராவையும் தானே பெருக்கினாள். ஏழு வீட்டுச் சட்டியையும் தானே எடுத்துக் கழுவி, அந்தந்த வாசலில் கவிழ்த்து வைத்தாள். இறகைக் கூட்டி எங்கள் வீட்டுப் பின்னால் எருக்குழியில் தள்ளி மண்ணைப் போட்டாள். வளவுப் பெண்களுக்குப் புல்லரித்துவிட்டது. "இருந்தா அவளைப்போல இருக்கணும்ளா, என்ன பொறுப்பு!" என்று கிணற்றடியில் பேசினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன்.

தங்கைக்கு அந்தப் பொடி வயிற்றில் தங்கியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அடுத்த வாரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, எள்ளு" என்று கேட்கவே தொடங்கிவிட்டாள். உலகத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஜாடி காலியாகாமல் இருந்தால் போதும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். ஈசல் வரவேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட சைவப்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்படி நினைத்தது தப்பு. ஒரு மழைக்கு மறுநாள் அம்மா போனாள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகம் செத்திருந்தது.

"வளவு பெருக்கிக் கெடக்குடி."

"ஏழு வீடுமா?"

"ஏழு சட்டியும் கழுவிக் கவுத்திருக்கு. எனக்கு முந்தி ஒரு சிறுக்கி எந்திரிச்சிருக்கா."

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். முற்றத்தைச் சும்மா பெருக்க இந்த வளவில் எவளுக்கும் பைத்தியம் இல்லை. இன்னொரு வீட்டிலும் எள்ளு இடிபடுகிறது. எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை. அய்யோ பாவம், அவர்களுக்கும் பசிதானே என்று அம்மாவுக்கோ எனக்கோ தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. என் பிள்ளை வாயில் இருந்ததைப் பிடுங்கிவிட்டாள் என்றுதான் அம்மா பல்லைக் கடித்தாள்.

அடுத்த மழைக்கு அவள் படுக்கவே இல்லை. கிழக்கு வெளுக்கும் முன்னே விளக்குமாறும் கையுமாகப் போனாள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு விளக்குமாறு வந்தது. மைனி. மடியில் ஓலைப்பெட்டி. ரெண்டு பேரும் கிணற்றுக்குப் பக்கத்தில் முட்டிக்கொள்கிற மாதிரி நின்றார்கள்.

"இந்நேரத்தில நீ எதுக்குளா எந்திரிச்ச?"

"மைனி எதுக்கு எந்திரிச்சியளோ அதுக்குத்தான்."

மைனி பெட்டியைச் சேலைக்குள் மறைத்தாள். அவ்வளவுதான். சட்டிகள் அங்கேயே கிடக்க, ரெண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். பெருங்காயம்கூடச் சைவம்தானா என்று மூன்று கடை பார்த்து வாங்குகிற வீட்டு அம்மாள்! எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அம்மா சிரிக்கவில்லை. "அவ முந்திக்குவா பாரு" என்றாள்.

முந்திக்கொண்டாள். நன்றாக விடிந்து, ஆண்கள் குளித்துவிட்டு வந்த நேரத்தில் முற்றத்தில் நின்று அலற ஆரம்பித்தாள். கையில் எங்கள் எருக்குழியில் தோண்டியெடுத்த இறகு. "ஏழு வீட்டு மானமும் போச்சே! சைவ வளவில பூச்சி திங்கிற கூட்டம் வந்து குடியேறியிருக்கே! தண்ணியில்லாக் காட்டுக்காரியை வச்சா இப்படித்தான்!" எல்லா வாசலிலும் ஆள் நின்றது. வளவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா எழுந்து வெளியே போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வெகுநாள் கழித்து அவருக்கு ஒரு வழக்கு கிடைத்துவிட்டது. "அண்ணாச்சி, என் வீட்டில அப்படி ஒரு காரியம் நடந்திருந்தா என் நாக்கு அழுகட்டும். சூடத்தைக் கொண்டாங்க. பிள்ளையார் முன்னால ஏத்துங்க. நான் அணைச்சு சத்தியம் பண்ணுதேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால், எங்கள் பக்கத்தில் அதற்கு அப்பால் கோர்ட்டும் இல்லை, மேல்கோர்ட்டும் இல்லை. பொய்ச் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்காது. மாடத்தில் சூடம் எரிந்தது. அப்பா கையைத் தூக்கினார். சத்தியம் முடிந்தால் நாங்கள் தப்பிப்போம். ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும். அம்மா சும்மா இருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"அணைக்காதிய" என்றாள். முற்றத்தில் இறங்கி நின்றாள். "நான் தின்னேன். எம் பிள்ளைகளும் தின்னுச்சு. நீங்களும்தான் தின்னிய. எள்ளு இல்ல அது. ஈசல்."

அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா விடவில்லை. மைனி பக்கம் திரும்பினாள். "சூடம் இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. வளவில வேற ஆரும் திங்கலைன்னா, மைனி வந்து அணைக்கட்டும்."

மைனி நகரவில்லை. யாருமே நகரவில்லை. ஏழு வீட்டு ஜனம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சூடம் தானாக எரிந்து தானாக அணைந்தது. அப்புறம் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சூடம் வருமே.

அப்பா நேரே ஆற்றுக்குப் போனார். வெள்ளம் ஓடுகிற ஆற்றில் விழுந்து குளித்தார். சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வந்து கூடத்து மூலையில் உட்கார்ந்தார். "இனி உன் கையால பச்சைத்தண்ணி குடிச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலை" என்றார். நாலு நாள் கோயிலில் கிடைத்த ஒரு உருண்டைச் சோறு. மற்ற நேரமெல்லாம் பட்டினி, ஜபம். அந்த நாலாம் நாள்தான் என் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காய்ச்சலுக்கு அப்புறம் அவள் நடந்த முதல் நடை. தத்தித் தத்தி ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனாள். "அப்பா, தண்ணி" என்றாள். அவர் காலைச் சடக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொடாத. அங்கன போ."

சொம்பு கவிழ்ந்தது. பிள்ளை ஈரத்தில் உட்கார்ந்து அழுதது. அன்றைக்கு அப்பாவை நான் வெறுத்தேன். கூட்டிக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, வெறுத்தேன்.

மறுநாள் அவருக்கே விஷக்காய்ச்சல் வந்தது. பட்டினி கிடந்த உடம்பு, ரெண்டே நாளில் உருக்குலைந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அம்மாவைப் பார்த்து வாயை அசைத்தார். "அந்த எள்ளுப்பொடி... கொஞ்சம் இருக்கா?"

அம்மா கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தாள். எத்தனை வருஷத்துத் தண்ணியில்லாக் காடு அவள் நெஞ்சில் கிடந்ததோ! "எள்ளு இல்ல. எள்ளு எங்கேயும் இல்ல. ஈசல் இருக்கு. ஈசல்னு வாயால கேளுங்க, தாரேன்."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். கேட்பார் கேட்பார் என்று பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிலவேம்பு வாங்கி வருகிறேன் என்று மருந்துக்கடைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

உச்சிப்பொழுது. தங்கை என் மடியில் படுத்திருந்தாள். ஜாடி என் பக்கத்தில் இருந்தது. உள்ளே மிஞ்சிப்போனால் ரெண்டு பிடி இருக்கும். மழையும் ஓய்ந்துவிட்டது; இனி ஈசல் வராது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி."

"என்னப்பா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ஈசல்... ஈசல்தான். கொஞ்சம் தா."

கேட்டுவிட்டார். அம்மா எதைக் கேட்கச் சொன்னாளோ அதைக் கேட்டுவிட்டார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்க எவ்வளவு நேரமாகும்? எனக்குக் கவிழ்ந்த சொம்புதான் கண்ணில் நின்றது. ஜாடியை இழுத்து என் மறுபக்கம் வைத்துக்கொண்டேன்.

"அது சைவம் இல்லையேப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா நிலவேம்போடு வந்தபோது அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. "அப்பா ஏதும் கேட்டாகளா?" என்றாள் அம்மா. இல்லை என்றேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உயிர் போய்விட்டது.

முதல் ஆளாக ஓடிவந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதவள் மைனி. "உசிரே போனாலும் தொட மாட்டேன்னு போயிட்டாரே, இப்படி ஒரு சைவம் உண்டுமா!" என்று அவள் வைத்த ஒப்பாரியில்தான் அந்தக் கதை பிறந்தது. அவளுக்கு அது வசதி, வளவுக்கு அது வசதி. சூடம் எரிந்ததை மறந்துவிட்டார்கள். அம்மாவும் அதை நம்பினாள். "ஒரு சொல்லு சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனே. கடைசி வரைக்கும் சொல்லலியே, என்ன வைராக்கியம்!" என்று திட்டுகிற மாதிரி ஆரம்பிப்பாள், கும்பிடுகிற மாதிரி முடிப்பாள். சாகிற வரைக்கும் ஐப்பசியில் மழை பெய்தால் விளக்கின் கீழ் அவள் சட்டி வைத்ததில்லை.

ஜாடியில் மிச்சமிருந்த ரெண்டு பிடியும் தங்கைக்குத்தான். நன்றாக நடந்தாள், வளர்ந்தாள், பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டாள், இன்றைக்குச் சர்க்கரையைக் கொட்டுகிறாள். அப்பா சைவத்துக்காக உயிரை விட்டார் என்று அவள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் என்ன சொல்லித் தடுக்க முடியும்? அவர் கேட்டார். ஈசல் என்றே கேட்டார். நான்தான் கொடுக்கவில்லை.